தேனுவுக்கு, அந்த மஞ்சள் வண்டல் பற்றி

என் தங்க மருமகளே தேனு,

நீ அனுப்பிய போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பீக்கரில் உப்புத் தண்ணீர், இரண்டு கம்பி, அடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒரு வண்டல். கூடவே எழுதியிருந்தாய்: ‘அத்தை, எங்க எக்ஸ்பெரிமென்ட் தப்பாப் போச்சு. புக்குல குளோரின் வரும்னு இருக்கு, எங்களுக்குச் சேறுதான் வந்துச்சு. ரெக்கார்டுல புக்குல இருக்கிறதையே எழுதிடவா?’ அழுகிற பொம்மை மூன்று வேறு. போனில் பேசலாமென்றால், உடும்பஞ்சோலையில் மழை பிடித்துவிட்டால் சிக்னல் பாதிப் பேச்சில் போய்விடுகிறது. இது பாதியில் விடுகிற பேச்சும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். காலையில் உங்கள் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். போடிமெட்டு வளைவு 17-ஐயும் ஏறி மத்தியானத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். மெதுவாகப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதுவும் தப்பாகப் போகவில்லை. நீங்கள் வயரின் மேலுறையைச் சீவிவிட்டு அப்படியே தண்ணீரில் விட்டிருக்கிறீர்கள். செம்பு பளபளவென்று போட்டோவிலேயே தெரிகிறது. புத்தகத்தில் வரைந்திருப்பதோ கார்பன் தண்டு. கார்பன் சும்மா நிற்கும். கரைசலில் இருக்கும் குளோரைடு அயனி நேர்மின்வாய்க்கு வந்து எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் குளோரினாக வெளியேறும். செம்பு அப்படிச் சும்மா நிற்காது. குளோரைடை முந்திக்கொண்டு தானே எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைசலுக்குள் இறங்கிவிடும். எதிர்மின்வாய்ப் பக்கம் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழியாய்ப் போகிறது, ஹைட்ராக்சைடு தங்கிவிடுகிறது. கரைந்த செம்பும் இந்த ஹைட்ராக்சைடும் சந்திக்கிற இடத்தில்தான் உன் மஞ்சள் வண்டல் விழுந்தது. அதில் பெரும்பகுதி செம்பு ஆக்சைடு. நீங்கள் சேறு என்று திட்டியது அதைத்தான், பாவம்.

எனக்குக் கவலை வந்தது வேறு இடத்தில். ‘நேர்மின்வாயில் குமிழி வந்ததா?’ என்று கேட்டேன். ‘கவனிக்கல அத்தை’ என்றாய். ‘மஞ்சள் எப்போது தெரிந்தது, உடனேயா, கொஞ்சம் கழித்தா?’ அதற்கும் தெரியாது. குளோரின் வரும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எதிரே வந்தது தெரியவில்லை. குமிழி இல்லாத கம்பிதான் உன் கேள்விக்குப் பதிலையே வைத்திருந்தது. அதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால், அத்தையைக் கேட்காமல் நீயே பிடித்திருப்பாய்.

போடியில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நான் உதவியாளராக இருந்த காலமெல்லாம் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைப்பது என் வேலை. அடுக்கும்போது புரட்டிப் பார்ப்பேன். ஒரு வகுப்புக்கே ஒரே கண், ஒரே மூக்கு என்பதுபோல் எல்லா நோட்டிலும் ஒரே வரி இருக்கும். முந்தின வருஷத்து அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியது. அந்த அக்காவும் அதற்கு முந்தின அக்காவைப் பார்த்தவள். ஒரே ஒரு பெண் மட்டும், மேலச்சொக்கநாதபுரத்திலிருந்து வந்து படித்தவள், வேறு மாதிரி எழுதியிருந்தாள். ‘முதலில் இடப்பக்கம் குமிழி. வலப்பக்கம் தாமதமாக, குறைவாக. வாடை: எங்கள் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்ட அன்று வந்த வாடை.’ அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். குளோரின் என்ற பெயரை அவள் மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் கிணற்றுக்கு அதைத்தானே போடுகிறார்கள்? அடுத்த தடவை அந்த வாடை வருகிறதா என்று பார். மோப்பம் பிடிக்கக் குனியாதே. கையால் விசிறித் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே என்று ஒருவர் உன் புத்தகத்தில் இருப்பார். 1791-இல் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்து, பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாமல், புத்தகம் பைண்டு செய்கிற கடையில் வேலை கற்றுக்கொண்டவர். மின்னாற்பகுப்பின் விதிகளை 1830-களில் கண்டுபிடித்தது அவர்தான். எவ்வளவு மின்சாரம் போகிறதோ அந்த அளவுக்குத்தான் பொருள் பிரியும் என்று எடை போட்டுக் காட்டினார். அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டில் பத்திகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனார். அது 16,000-ஐத் தாண்டியது. நடந்தது, நடக்காதது, எதிர்பார்த்து ஏமாந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதின கை அது. உனக்கு 16,000 வேண்டாம் கண்ணு. ஒரு சோதனைக்கு ஐந்தாறு வரி போதும், ஆனால் பீக்கர் எதிரே இருக்கும்போதே எழுதியதாக இருக்கட்டும். வீட்டுக்குப் போய், தலை சீவி, டீ குடித்து, சீரியல் முடிந்து எழுதினால் அது ஞாபகம். அதற்குள் புத்தகம் வந்து கலந்துவிடும்.

இன்னொன்று, அந்த ரோஸ் கலர் ஜெல் பேனா. எழுத்து அழகுதான், யார் இல்லை என்றது? ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் உன் மின்னாற்பகுப்பு முழுக்க ரோஸ் குளமாகிவிடும். ஆய்வகத்துக்குப் பால்பாயிண்ட் எடுத்துப் போ, இல்லை பென்சில். தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடி, கிறுக்கி மறைக்காதே. பின்னால் பார்த்தால் அந்த அடித்த எண்தான் சரியாக இருக்கும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் எங்கோ லண்டனில் நடந்த சங்கதி என்று நினைத்துவிடாதே. உன் அப்பனிடம் போய்க் கேள். மே மாதக் கடைசியில், மழை இறங்குவதற்கு முன்னால், ஏலத்துக்கு அழுகல் வராமல் இருக்க போர்டோ மருந்து கலக்குகிறான் அல்லவா? 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துரிசு, 1 கிலோ சுண்ணாம்பு. துரிசைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, பிறகு சேர்ப்பான். சேர்த்ததும் உடனே பம்பில் ஊற்றமாட்டான். இடுப்பிலிருக்கும் கத்தியை எடுத்து மருந்தில் சற்று நேரம் முக்கி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு போடச் சொல்லுவான். நீ சின்னப் பிள்ளையில் இதை ஏதோ சாமி காரியம் என்று நினைத்து, தேங்காய் சில்லு கிடைக்குமென்று பக்கத்தில் காத்திருந்தாய்!

துரிசு என்பதுதான் உங்கள் ஆய்வகத்தில் காப்பர் சல்பேட் என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் இருக்கிறது. சுண்ணாம்பு போதாமல் செம்பு அயனி கரைசலில் தனியாக மீந்து நின்றால், இரும்புக் கத்தி தன் எலக்ட்ரானை அதற்குக் கொடுத்துத் தான் கரையும். செம்பு அலகில் உட்காரும். அந்த மீந்த செம்போடு அடித்தால் இலை கருகும். உன் வகுப்பில் வினைத்திறன் வரிசை என்று பெட்டி கட்டிப் போட்டிருப்பதை உன் அப்பன் கத்தி முனையில் வைத்திருக்கிறான். எட்டாவதோடு நின்றுவிட்டோமே என்று அவனுக்கு ஒரு குறை இருக்கிறது. இந்தப் பாடத்தை அவனிடம் கேட்டுப் படி. அவனுக்கு அது எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, இனி சோதனையைத் திரும்பச் செய்கிற விதம். டீச்சர் கூட இருக்கும்போது மட்டும். கரன்ட் பிளக்கில் எதையும் செருகக் கூடாது, அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஒரு டார்ச் பேட்டரி 1.5 வோல்ட், உப்புக்கரைசலில் ஹைட்ரஜனும் குளோரினும் வரக் குறைந்தது 2.2 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால் ஒன்றை வைத்துக்கொண்டு ‘வரலையே’ என்று உட்காராதே. நான்கைத் தொடராகக் கட்டினால் 6 வோல்ட், தாராளம். ஸ்டீல் ஸ்பூனையோ ஆணியையோ நேர்மின்வாயாக வைக்காதே. ஸ்டீலில் இருக்கும் குரோமியம் கரைந்து நஞ்சாக வரலாம். கார்பன் தண்டு நானே அனுப்புகிறேன், நீ பழைய பேட்டரியை உடைக்கப் போக வேண்டாம். உடைத்தால் அந்தக் கறுப்புப் பொடி யூனிஃபார்மை விட்டுப் போகவே போகாது, உன் அம்மா என்னைத்தான் பிடிப்பாள். பேட்டரிக்குள் நவச்சாரமும் இருக்கும். நவச்சாரக் கரைசலில் மின்சாரம் விட்டால் வெடிக்கிற பொருள் உண்டாகலாம். ஃபாரடேயின் குரு ஹம்ஃப்ரி டேவி 1812-இல் அந்த வகைப் பொருளைக் கையாண்டபோதுதான் வெடித்துக் கண்ணில் அடிபட்டது. எழுத முடியாமல் இருந்த அந்த நாட்களில் அவருக்கு எழுதிக் கொடுக்கப் போனவர்தான் ஃபாரடே. நல்லது நடந்தது என்றாலும் கண் கண்தான். கண்ணாடி போட்டுக்கொள். ‘அசிங்கமா இருக்கு அத்தை’ என்று ஆரம்பிக்காதே.

உப்பைத் தாராளமாகப் போடு. 100 மில்லி தண்ணீருக்கு 20 கிராமுக்கு மேல் போட்டால் குளோரின் நன்றாக வரும். கரைசல் நீர்த்துப்போனால் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் சேர்ந்து வந்து உன்னைக் குழப்பும். இரண்டு சொட்டு ஃபீனால்ப்தலீன் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் பார். எதிர்மின்வாயைச் சுற்றி இளஞ்சிவப்பு எழும்; அங்கே உருவாகிற காரம் அது, காஸ்டிக் சோடா. மறுபக்கம் ஈர நீல லிட்மஸைக் காட்டினால் முதலில் சிவந்து பிறகு வெளுத்துப் போகும்.

‘அப்ப சோடியம் எங்க அத்தை போச்சு?’ என்று நீ கேட்பாய். கேட்கணும். எங்கும் போகவில்லை, அயனியாகவே தண்ணீரில் நிற்கிறது. சோடியத்தைவிடத் தண்ணீர் எலக்ட்ரானை எளிதாக வாங்கிக்கொள்கிறது. சோடியத்தை உலோகமாகப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரே இருக்கக் கூடாது. டேவி 1807-இல் காஸ்டிக் சோடாவை உருக்கித்தான் அதைப் பிரித்தெடுத்தார்.

கடையில் கல்லுப்பு வாங்கினால் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். எதிர்மின்வாயைச் சுற்றி வெள்ளையாய் ஒரு கலங்கல் எழும்பும். கல்லுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த மெக்னீசியம், ஹைட்ராக்சைடாகத் திரளுகிறது. புத்தகத்தில் அது இருக்காது, ஏனென்றால் அங்கே உப்பு சுத்தமானது. பெரிய ஆலைகளில் இந்தக் கலங்கலுக்குப் பயந்துதான் உப்புக்கரைசலை முதலில் சுத்தம் செய்துவிட்டு மின்சாரம் விடுகிறார்கள். கல்லுப்பில் ஒரு தடவை, பாக்கெட் உப்பில் ஒரு தடவை செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. உப்பை மாற்றினால் பேட்டரியை மாற்றாதே.

ஜன்னல் விஷயம். உங்கள் மலையில் மஞ்சு உள்ளே வருகிறது, குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்காருவீர்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் அது கூடாது. குளிர்ந்தால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திற. குளோரின் மூச்சுக்கு ஆகாது. 1915-இல் முதல் உலகப் போரில் ஈப்ரே என்ற ஊரில் அதையே ஆயுதமாகத் திறந்துவிட்டார்கள். பீக்கரை மூடி போட்டு மூடாதே. குளோரினும் ஹைட்ரஜனும் ஒன்றாகச் சேர்ந்து வெயில் பட்டால் வெடிக்கும். ஐந்து நிமிடம் ஓடினால் போதும், நிறுத்திவிடு. முடிந்த கரைசலில் ஆசிடோ வினிகரோ கலந்துவிடாதே, அதிலிருந்தும் குளோரின் கிளம்பும்.

அடுத்து காப்பர் சல்பேட் செய்வீர்கள். இரண்டு பக்கமும் செம்புத் தகடு வைத்தால் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் படியும், நீலம் அப்படியே இருக்கும். கார்பன் வைத்தால் நீலம் மெல்ல வெளிறும். அரை ஆம்பியர் மின்சாரம் 10 நிமிடம் போனால் படிகிற செம்பு ஏறத்தாழ 0.1 கிராம். தகட்டை முன்னும் பின்னும் எடை போட்டுப் பார், உலர்த்திவிட்டு. ஃபாரடே சொன்னது உங்கள் தராசில் விழுகிறதா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நீலத் தண்ணீரை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதே, தேனு. உங்கள் பள்ளிக்கூடத்துச் சாக்கடை ஓடைக்குத்தான் போகிறது. உங்கள் மலையின் ஓடைகள் பன்னியாறாகவும் கல்லாறாகவும் திரண்டு பெரியாற்றுக்குப் போகின்றன. மீனுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். ஒரு பழைய வாளியில் சேர்த்து வைத்து, கொஞ்சம் இரும்பு ஆணியையோ பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையோ போட்டு நாலைந்து நாள் விடு. நீலம் போய், செம்பு அடியில் செந்தூளாக இறங்கியிருக்கும். அப்பாவின் கத்தி செய்த வேலையேதான். அந்தத் தூளைக் காகிதத்தில் வடித்து டீச்சரிடம் கொடு. இதைச் செய்யச் சொல்லி யாரும் மார்க் தரமாட்டார்கள், செய்.

பெரியாறு கீழே ஆலுவா தாண்டி ஏலூரைத் தொடுகிற இடத்தில் திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ் என்ற அரசு ஆலை இருக்கிறது, 1951-இல் ஏற்பட்டது. நீ பீக்கரில் செய்ததைத்தான் அங்கே டன் கணக்கில் செய்கிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் வெளியே வருகின்றன. சோப்புக்கும் காகிதத்துக்கும் காஸ்டிக், குடிதண்ணீருக்குக் குளோரின். உங்கள் மலைப் பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் 1940-இல் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அதை நம்பியே ஆலுவாப் பக்கம் 1943-இல் அலுமினிய ஆலை வந்தது, அலுமினியம் பிரிப்பதும் மின்னாற்பகுப்புதான். உங்கள் மலை மழை இல்லாமல் இந்தத் தொழில் அங்கே கால் ஊன்றியிருக்காது. முன்பு உலகம் முழுக்கக் காஸ்டிக் சோடா ஆலைகள் பலவற்றில் பாதரசத்தை எதிர்மின்வாயாக வைத்திருந்தார்கள். பாதரசம் தண்ணீரில் போய் மீனில் ஏறி மனிதரைக் கெடுத்த பிறகு, இப்போது சவ்வு வைத்த கலங்களுக்கு மாறிவிட்டார்கள். ஏலூரில் மீன் செத்து மிதந்த செய்தியை டிவியில் பார்த்து நீ அழுதாயே, அந்த மனசை வைத்துக்கொண்டுதான் வாளி வேண்டும் என்கிறேன்.

இதில் உனக்கு ருசி பிடித்தால் காரைக்குடி தூரமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. அங்கேயே பொறியியல் படிப்பும் இருக்கிறது. இப்போது அதை நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. எஸ்.எஸ்.எல்.சி. முடியட்டும். முடிந்ததும் உன்னையும் உன் அப்பனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வருவோம். திரும்பும்போது செட்டிநாட்டு முறுக்கு உன் பங்கு.

ஜீப்பில் வருகிற பையில் இருப்பது: கழுவிக் காயவைத்த கார்பன் தண்டு இரண்டு, கிளிப் வைத்த வயர் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, சிவப்பை எப்போதும் நேர் முனையில் மாட்டு, சாயம் போகாத பால்பாயிண்ட் இரண்டு, உன் அம்மாவுக்குக் கருவாடு, அதை உன் புத்தகப் பையில் வைத்துவிடாதே. ரெக்கார்டில் அந்த மஞ்சள் வண்டல் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். தேதி போட்டு, ‘நேர்மின்வாய்: செம்புக் கம்பி’ என்று மேலே எழுதி அப்படியே வை. அதன் கீழே புதிதாகச் செய்ததை எழுது. டீச்சர் கேட்டால் காரணத்தைச் சொல், நிமிர்ந்து நின்று சொல். இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, இந்த முறை குமிழி எந்தப் பக்கம் முதலில் என்பதோடு.

உன் அத்தை,
போடியிலிருந்து